சான்றிதழ் வாங்கினால் வேலை கிடைக்குமா? கொஞ்சம் கடுப்பான வீடியோ

வணக்கம் மக்களே! கையில் டீ கிளாஸ் இல்லாமல் வீடியோவைத் தொடங்குகிறேன் என்றால், எவ்வளவு கடுப்பில் இருக்கிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

சித்தி பையன் படிப்பு முடித்து வேலை தேடுகிறான். ஓஎம்ஆரில் ஒரு பயிற்சி நிலையம், பெயர் வேண்டாம், ஏடபிள்யூஎஸ், அதாவது இணையம் வழியாக சர்வர்களை வாடகைக்கு விடும் அமேசானின் கிளவுட் சேவை, அதில் சான்றிதழ் வாங்கினால் வேலை உறுதி என்று 45,000 ரூபாய் கேட்கிறது. அதில் தேர்வுக் கட்டணம்கூடச் சேரவில்லையாம்!

அந்தக் கட்டணத்தைப் பற்றிக் கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன். ஏடபிள்யூஎஸ்ஸின் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் தேர்வுக்கு 150 டாலர். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 177. டாலரில் கட்டுவதற்கு கார்டு கம்பெனி தனியாக ஒரு தொகை பிடிக்கும், அந்தத் தொகைக்கும் ஜிஎஸ்டி உண்டு. ஆனால் நான் 75 டாலரில் முடித்தேன்! முதலில் 100 டாலர் கொடுத்து கிளவுட் பிராக்டிஷனர் என்ற தொடக்கநிலைத் தேர்வை பாஸ் செய்தால், அடுத்த தேர்வுக்குப் பாதி விலைக் கூப்பன் தருகிறார்கள். இரண்டும் சேர்த்தால் வரி இல்லாமலே 175 ஆகிறதே என்று கமெண்ட் போடாதீர்கள். எனக்கும் கூட்டல் தெரியும்.

சரி, வேலைக்கு வருவோம். மற்றவர்களுக்கு ஐடி வேலை செய்து கொடுக்கும் சர்வீஸ் கம்பெனிகளுக்கு இந்தச் சான்றிதழ் உண்மையிலேயே தேவை. ஏடபிள்யூஎஸ் பார்ட்னர் திட்டத்தில் செலக்ட், அட்வான்ஸ்டு, பிரீமியர் என்று படிகள் இருக்கின்றன. மேலே போகப் போக, சான்றிதழ் வைத்திருக்கும் ஆட்கள் அதிகம் வேண்டும். அதனால்தான் பல கம்பெனிகள் உள்ளே இருப்பவர்களுக்குத் தாங்களே பணம் கட்டி எழுத வைக்கின்றன. வெளியே நிற்கிற ஃப்ரெஷர் எதற்குச் சொந்தக் காசைப் போட வேண்டும்?

இன்டர்வியூ எடுக்கும்போது நான் வழக்கமாகக் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. பிரைவேட் சப்நெட்டில், அதாவது வெளியிலிருந்து நேரடியாகத் தொட முடியாத உள் நெட்வொர்க்கில், இருக்கிற சர்வர், இணையத்திலிருந்து ஒரு பேக்கேஜை எப்படி இறக்கும்? உள்ளிருந்து இணையத்துக்கு வழிவிடும் நாட் கேட்வே என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். அதற்கு மணிக்கணக்கில் காசு ஓடுமே, எஸ்3 என்ற ஏடபிள்யூஎஸ் கோப்புக் கிடங்கு மட்டும் போதும் என்றால் வேறு வழி இருக்கிறதா என்று கேட்டால், டம்ப்ஸ், அதாவது கசிந்த தேர்வுக் கேள்வி-பதில்களை, மனப்பாடம் செய்து பாஸானவர் அங்கேயே நின்றுவிடுவார். டம்ப்ஸ் விற்பவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது, பழைய வீடியோக்களில் திட்டித் தீர்த்திருக்கிறேன். கையால் செய்து பார்த்தவர், இணையத்துக்குப் போகாமல் உள்ளேயே எஸ்3ஐ அடைய வைக்கும் விபிசி எண்ட்பாயிண்ட் என்பார், எஸ்3க்கான கேட்வே எண்ட்பாயிண்டுக்குத் தனிக் கட்டணம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்வார்.

எனக்குப் பிடித்த தேர்வு ஒன்று உண்டு: சிகேஏ. பல சர்வர்களில் ஆப்களை ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் மென்பொருளுக்கான தேர்வு. கொள்குறி வினாவே கிடையாது. 2 மணி நேரம் டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் திரையில், உட்கார்ந்து செய்து காட்ட வேண்டும். ஆவணப் பக்கங்களைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். எல்எல்ஆருக்குக் கம்ப்யூட்டரில் விடை தட்டுவதற்கும், ஆர்டிஓ முன்னால் எட்டு போடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். ரெஸ்யூமேயில் இது இருந்தால் நான் நிமிர்ந்து உட்காருவேன். விலையைக் கேட்காதீர்கள், இன்னொரு முறை புலம்ப வேண்டியிருக்கும்.

ஆங், ஒன்றை விட்டுவிட்டேன். இவை எதுவும் ஆயுசுக்கும் செல்லாது. ஏடபிள்யூஎஸ் 3 ஆண்டு. சிகேஏவும் 3 ஆண்டாகத்தான் இருந்தது, 2024 ஏப்ரலில் 2 ஆக்கிவிட்டார்கள்.

தம்பியிடம் சொல்லியாயிற்று: 45,000 ரூபாயைத் தொடாதே. ஏடபிள்யூஎஸ்ஸின் ஸ்கில் பில்டர் தளத்தில் இலவசப் பாடங்கள் இருக்கின்றன. சின்னதாக ஒரு ஆப் செய்து ஏடபிள்யூஎஸ்ஸில் ஏற்று, அதன் நிரலை கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளத்தில் போடு, செலவு எல்லை தாண்டினால் எச்சரிக்கும் பட்ஜெட் அலாரத்தை முதலில் வை. தேர்வு எழுத ஆசையிருந்தால் அப்புறம் எழுது.

சித்திக்குத்தான் வருத்தம். கூடத்தில் சட்டம் போட்டு மாட்ட ஒரு சான்றிதழ் வேண்டுமாம். அது பிடிஎஃப்பாகத்தான் வரும் சித்தி, பிரிண்ட் நாம்தான் எடுக்க வேண்டும். கலர் பிரிண்ட் 10 ரூபாய், லேமினேஷன் தனி.