ஏறி இறங்கும் ஏரிகள்

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னையில் ஏரிக்கரைக்குப் போகிறவர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். போரூரிலும் கொரட்டூரிலும் சிட்லபாக்கத்திலும் விடியற்காலையில் நடக்க வருபவர்கள், மாலையில் பிள்ளைகளைக் கைப்பிடித்து அழைத்து வருபவர்கள், தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பறவை பார்க்க வருபவர்கள் என்று, ஒரு காலத்தில் குப்பை கொட்ட மட்டுமே மக்கள் நெருங்கிய கரைகள் இன்று ஆள்நடமாட்டத்தோடு இருக்கின்றன. இது நல்ல மாற்றம்தான். ஆனால், நாம் எதைப் பார்த்து மகிழ்கிறோம் என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆண்டு முழுவதும் விளிம்பு வரை தளும்பும் நீர், சுற்றிலும் பதிகல் நடைபாதை, நடுவில் படகு என்ற ஒரு படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, ஏரி அப்படி இல்லாவிட்டால் அது செத்துவிட்டது என்று எண்ணப் பழகிவிட்டோம். இந்தப் பகுதியின் ஏரிகள் அப்படி நிற்பதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. ஐப்பசி, கார்த்திகையில் ஏறுவதும் சித்திரை, வைகாசியில் இறங்குவதுமே அவற்றின் இயல்பு. அந்த ஏற்ற இறக்கத்தை ரசிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் ஏரியைக் காப்பாற்றவும் தெரியும் என்பது என் கருத்து.

ஓர் ஏரி எப்படி அமைந்திருக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். மலையில்லாத, மெல்லச் சரிந்து கடலை நோக்கிப் போகும் நிலத்தில், சரிவின் தாழ்ந்த பக்கத்தில் மட்டும் பிறை வடிவில் ஒரு மண்கரை போடுவார்கள். எதிர்ப்பக்கம் திறந்தே இருக்கும். மேட்டு நிலத்தில் பெய்யும் மழை அந்தத் திறந்த பக்கத்தின் வழியாகவும் வரத்து வாய்க்கால்களின் வழியாகவும் உள்ளே வரும். கரையில் பாசனத்துக்கு மதகு இருக்கும். மிகுந்த நீர் வழிந்தோடக் கலங்கல் இருக்கும். பழைய கலங்கல்கள் சிலவற்றின் மேல் வரிசையாகக் கற்கள் நட்டிருப்பதைப் பார்க்கலாம். மழைக்காலம் முடியும் தறுவாயில் அந்தக் கற்களுக்கு இடையே மண்ணையும் புல்கரணையையும் (புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டி) வைத்து அடைத்து நீர்மட்டத்தைச் சற்று உயர்த்திக்கொள்வார்கள். அடுத்த பருவம் தொடங்கும்போது அதை எடுத்துவிடுவார்கள். எப்போது அடைக்க வேண்டும், எப்போது திறக்க வேண்டும் என்ற அறிவு ஊர்ப் பொறுப்பில் இருந்தது. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில், குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டு 360 நாள் பொறுப்பு வகிக்கும் ஏரி வாரியம் என்ற குழுவைப் பற்றிய விதிகள் உள்ளன. நிர்வாகம் நன்றாக இருந்ததற்குச் சான்றாக அந்தக் கல்வெட்டைப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். ஏரிக்கென்றே ஆண்டுதோறும் ஆள் போட வேண்டியிருந்தது என்பதுதான் அதில் எனக்குப் படும் செய்தி. கட்டிவிட்டு விட்டுவிடக்கூடிய பொருளாக அவர்கள் ஏரியைக் கருதவில்லை.

ஏரி தனியாகவும் இருப்பதில்லை. தென்சென்னையின் புறநகரை எடுத்துக்கொள்வோம். சிட்லபாக்கம் ஏரி நிறைந்தால் செம்பாக்கம் ஏரிக்குப் போகும். அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஒன்றன் கலங்கல் நீர் அடுத்ததன் வரத்து நீராகி, கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் பரவி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் சேரும். முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணைக்கு வருகிறது. அந்தச் சதுப்புநிலம் 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. ஆனால் அதன் ஒரு பகுதியில்தான் பெருங்குடிக் குப்பைக்கிடங்கு இருக்கிறது. அதைச் சுற்றித்தான் தகவல் தொழில்நுட்பச் சாலை வளர்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது பள்ளிக்கரணையிலும் வேளச்சேரியிலும் நாள்கணக்கில் தண்ணீர் நின்றதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தத் தண்ணீர் வழிதவறி வரவில்லை. அதன் பாதையில் நாம் வீடு கட்டியிருந்தோம்.

நகரத்தின் நடுப்பகுதியில் இந்தக் கதை எப்போதோ முடிந்துவிட்டது. நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வரை நீண்டு கிடந்த ஏரியை 1920-களில் தூர்த்துத் தியாகராய நகரை உருவாக்கினார்கள். நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976-ல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. அங்கெல்லாம் இனி ஏரியை மீட்க முடியாது. மழைநீர் வடிகாலைச் சரியாக வைத்துக்கொள்வது ஒன்றுதான் வழி. எஞ்சியிருப்பவை புறநகரில் உள்ளன. நாம் கவலைப்பட வேண்டியதும் மகிழ வேண்டியதும் அவற்றைப் பற்றித்தான்.

இப்போது தளும்பும் ஏரிக்கு வருகிறேன். சென்னைக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. அந்த மூன்று மாதத்தில் பெய்வதை வாங்கிக்கொள்ள ஏரியில் இடம் வேண்டும். ஓர் ஏக்கர் பரப்பில் ஓரடி உயரத்துக்கு நீர் நின்றால் அது ஏறத்தாழ 12 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் லாரியில் நூறு நடை. ஐம்பது ஏக்கர் ஏரி ஒன்று பருவம் தொடங்கும்போது ஓரடி குறைவாக இருந்தால், ஐயாயிரம் லாரித் தண்ணீரைத் தெருவுக்கு விடாமல் தன்னிடம் வைத்துக்கொள்கிறது என்று பொருள். புறநகர் ஏரிகள் பலவற்றில் இந்த இடம் இருப்பதில்லை. மழையே இல்லாத மே மாதத்திலும் அவை நிறைந்திருக்கின்றன. கத்திரி வெயிலில் ஓர் ஏரி தளும்பினால் மகிழ்ச்சி அடைய வேண்டாம். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் அது நம் வீடுகளிலிருந்து வருகிறது. பாதாளச் சாக்கடை வராத தெருக்களில் கழிவுநீரை மழைநீர் வடிகாலில் இணைத்துவிடுகிறோம். அந்த வடிகால் போய்ச் சேரும் இடம் ஏரி.

இதன் விளைவைக் கண்ணால் பார்க்கலாம். கழிவுநீரின் சத்தை உண்டு ஆகாயத்தாமரை தழைக்கும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்தச் செடி ஊதாப் பூவோடு அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது நீரை முழுவதும் மூடிவிட்டால் அடியில் வெளிச்சமும் உயிர்வளியும் (ஆக்சிஜன்) குறைந்துபோகும். கோடையில் முதல் மழை பெய்த மறுநாள் காலையில் கரையோரம் மீன்கள் வெள்ளை வயிறு மேலே தெரிய மிதக்கும். யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு எழும். பல நேரங்களில் நடப்பது வேறு: வடிகாலில் மாதக்கணக்காகத் தேங்கிய அழுக்கை முதல் மழை அடித்துக்கொண்டு வந்து சேர்க்கும், ஏரியின் அடிச்சேறும் கலங்கும், அவை அழுகுவதற்கு நீரிலிருந்த உயிர்வளி முழுவதும் செலவாகிவிடும், விடிவதற்குச் சற்று முன்பு மீன்கள் மூச்சுத் திணறிச் சாகும். ஆகாயத்தாமரையை இயந்திரம் வைத்து ஆண்டுதோறும் வாரிக் கொட்டுவதும் செத்த மீனை அள்ளுவதும் செலவுக் கணக்கில் வரும்; கழிவுநீர்க் குழாயை அடைக்காதவரை அடுத்த ஆண்டும் அதே செலவுதான்.

இறங்கும் ஏரியில் ரசிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். உண்மையில் அப்போதுதான் காட்சி பெருகுகிறது. நீர் ஆழமாக நிறைந்திருக்கும்போது முக்குளிப்பானும் நாமக்கோழியும் நீர்க்காகமும் இருக்கும். தை, மாசியில் நீர் பின்வாங்கி, திறந்த பக்கத்தில் கணுக்கால் அளவு நீரும் சேறுமாக ஒரு விளிம்பு உண்டாகும்போது, நெடுங்கால் உள்ளான்கள் சிவந்த குச்சிக்கால்களோடு அங்கே வந்து இறங்கும். வடக்கிலிருந்து வலசை வந்த சிறு உள்ளான்களும் சேற்றைக் குத்திக் குத்தி இரை தேடும். நத்தைகுத்தி நாரை நீரில் அலகை விட்டுத் துழாவி நத்தையை எடுக்கும். கோரைப் புதர் ஓரமாகச் சிறிது நேரம் அசையாமல் நின்றால் நீலத்தாழைக்கோழியைப் பார்க்கலாம். தண்டு ஒன்றைப் பிடுங்கி, நீண்ட செங்கால் விரல்களில் பற்றித் தூக்கி, அலகால் உரித்து உள்ளிருக்கும் வெள்ளைப் பகுதியைத் தின்னும். முக்குளிப்பான் தன் குஞ்சுகளை முதுகில் சுமந்து நீந்துவதையும் அதே இடத்தில் காணலாம். கோரையும் சேறும் சரிவான விளிம்பும் இல்லாவிட்டால் இவற்றில் ஒன்றும் இருக்காது.

அழகுபடுத்தும் திட்டங்கள் முதலில் கைவைப்பது இந்த விளிம்பில்தான். திறந்திருக்க வேண்டிய பக்கத்திலும் கரை எழுப்பி, நடைபாதை வசதிக்காக ஏரியைச் சுற்றி வளையம்போல் மூடிவிடுகிறார்கள். கோரை களை என்று அகற்றப்படுகிறது; சரிவுக்குக் கல் பதிக்கிறார்கள். பரவி வந்த மழைநீர் இப்போது ஓரிரண்டு குழாய்களின் வழியாக மட்டுமே உள்ளே வர முடியும். அந்தக் குழாய்கள் அடைத்துக்கொண்டால் ஏரிக்கு வெளியே வெள்ளமும் ஏரிக்குள்ளே வறட்சியும் ஒரே நாளில் நிகழும். நடைபாதையே வேண்டாம் என்று சொல்லவில்லை. மதகும் கலங்கலும் உள்ள பழைய கரையின்மேல் நடக்கலாம்; எதிர்ப்பக்கத்தை நீருக்கும் பறவைக்கும் விட்டுவிடலாம். நாலரைக் கிலோமீட்டர் முழுச்சுற்று நடந்தால்தான் நடைப்பயிற்சி ஆகுமா என்ன? போன வழியே திரும்பி வந்தால் ஆகாதா?

மக்கள் முன்வந்தால் நிலைமை மாறும் என்பதற்கு இங்கேயே சான்று உண்டு. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த அந்த ஆண்டில், சிட்லபாக்கத்தில் குடியிருப்போர் தாங்களே வறண்ட ஏரியில் இறங்கி ஞெகிழிக் (பிளாஸ்டிக்) குப்பையை அள்ளினார்கள். அதன் பிறகு அரசின் சீரமைப்புப் பணியும் நடந்தது. அதற்கு நான்கே ஆண்டுகளுக்கு முன்புதான், 2015 டிசம்பரில், செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்த நீரும் வழியிலிருந்த சிற்றேரிகளின் உபரியும் சேர்ந்து அடையாற்றில் பெருக்கெடுத்து நகரை மூழ்கடித்திருந்தன. வெள்ளம், வறட்சி இரண்டுக்கும் ஒரே மருந்து சிற்றேரிகளிடம் இருந்தது.

சட்டமும் இருக்கிறது. பொதுப்பணித் துறையின் பொறுப்பில் இருந்த ஏரிகளை அளந்து எல்லை குறிக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் இயற்றியது. அதை நடைமுறைப்படுத்தும்போது குடிசைகள் முதலில் போகின்றன, மாடிக் கட்டடங்கள் வழக்கு மன்றத்தில் காத்திருக்கின்றன என்ற குறை நியாயமானது. நீர்நிலை ஓரங்களிலிருந்து அகற்றப்பட்ட பல குடும்பங்களுக்கு வீடு கொடுத்த பெரும்பாக்கமே சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்நிலம்தான்; அங்கும் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கிறது. ஏரியைக் காப்பதற்கான விலையை ஏழைகள் மட்டும் கொடுக்கும் ஏற்பாட்டுக்கு ஊர் மக்களின் ஆதரவு நீடிக்காது.

நிர்வாகத்தில் இன்னொரு தொல்லை, ஏரி பலருடைய பொறுப்பில் இருப்பது. நீர்ப்பரப்பு நீர்வளத் துறையிடம், மழைநீர் வடிகால் மாநகராட்சியிடம், கழிவுநீர் குடிநீர் வாரியத்திடம், நிலத்தின் பதிவேடு வருவாய்த் துறையிடம். கழிவுநீர் கலக்கிறது என்று புகார் கொடுத்தால் மனு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஆகவே, 'ஏரி கெட்டுப்போகிறது' என்று பொதுவாக எழுதாமல், எந்தத் தெருவின் எந்த வடிகால் எந்த இடத்தில் ஏரியில் விழுகிறது என்று படத்தோடு எழுத வேண்டும். மழை பெய்து ஒரு மாதம் ஆன பிறகும் ஒரு வடிகாலில் நீர் ஓடினால் அது மழைநீர் அல்ல என்பதை எந்தப் பொறியாளரும் மறுக்க முடியாது. கிராம வரைபடத்தையும், நிலத்தின் அளவுகளைக் காட்டும் புலப்படத்தையும் வாங்கிப் பார்த்தால் வாய்க்கால் புறம்போக்கு எங்கே ஓடியது என்பது தெரியும். இன்று அங்கே என்ன நிற்கிறது என்பதையும் நேரில் நடந்து பார்த்துவிடலாம்.

இதற்கு ஏற்ற காலம் ஆவணியும் புரட்டாசியும். பருவமழைக்கு முன்பு உங்கள் ஏரியின் கலங்கலைத் தேடிப் போங்கள். அங்கிருந்து போக்கு வாய்க்காலைப் பின்பற்றி அடுத்த ஏரி வரை நடந்து பாருங்கள். சில இடங்களில் அது ஒரு மதில்சுவருக்குள் போய் மறையும், சில இடங்களில் கடைகளின் படிக்கட்டுகளுக்கு அடியில் ஓடும். எங்கெங்கே அடைத்திருக்கிறது என்று குறித்துக்கொண்டு, அந்த வழியில் இருக்கும் குடியிருப்போர் சங்கங்கள் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுங்கள். கூடவே, உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீர்க் குழாய் எதில் இணைந்திருக்கிறது என்பதையும் சங்கக் கூட்டத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

வணக்கம்.