பல் பிடுங்கிய புண் ஆறவில்லை: எலும்பு மாத்திரையை நிறுத்தலாமா?

அடுத்த கேள்வி, திருப்பூரிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியது. அவருடைய அம்மாவுக்கு 66 வயது. கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி மூன்று மாதமாகியும் குழி மூடவில்லை. வலி இல்லை, லேசான வாடை மட்டும் வருகிறது; நாக்கு பட்டால் சொரசொரவென்று ஏதோ தட்டுகிறது. எலும்புத் தேய்மானத்துக்கு ஆறு வருடமாக அலென்ட்ரோனேட் மாத்திரை சாப்பிடுகிறார். "மாத்திரையை நிறுத்தினால் ஆறிவிடுமா டாக்டர்?" என்று கேட்கிறார்.

நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் அம்மா. இந்த மருந்து எலும்பிலேயே படிந்து வருடக்கணக்கில் தங்கும். இன்று நிறுத்தினால் நாளை புண் ஆறப்போவதில்லை. நாளடைவில் இடுப்பு எலும்பு முறியும் ஆபத்துதான் கூடும். எழுதிக்கொடுத்த மருத்துவரும் பல் மருத்துவரும் கலந்து பேசி முடிவு செய்யட்டும்.

பல் பிடுங்கிய குழியின் மேல் ஈறு வழக்கமாக மூன்று நான்கு வாரத்தில் மூடிவிடும். குழியிலுள்ள இரத்தக்கட்டி கரைந்து வரும் கோளாறு என்றால், முதல் வாரத்திலேயே காது வரை வலி தெறிக்கும். இது அப்படியில்லை. நாக்கில் தட்டுவது பெரும்பாலும் எலும்பாகத்தான் இருக்கும். இந்த மாத்திரை சாப்பிடுபவருக்கு எட்டு வாரத்துக்கு மேல் எலும்பு வெளியே தெரிந்தால், மருந்தினால் தாடை எலும்பு செத்துப்போயிருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். பழைய எலும்பை அரித்து அகற்றும் செல்களை மருந்து அடக்கிவைக்கிறது. தேய்மானத்துக்கு அது நல்லது. ஆனால் தாடையில் காயம்பட்ட எலும்பைச் சுத்தம் செய்யவும் அதே செல்கள்தான் வேண்டும். 2003இல்தான் மருத்துவ உலகம் இதை முதன்முதலில் கவனித்தது. தேய்மானத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்களில் ஆயிரம் பேர் பல் பிடுங்கினால் ஒருவர் இருவருக்கு வரலாம், அவ்வளவுதான். புற்றுநோய்க்காக இதே வகை ஊசியை அதிக அளவில் போட்டுக்கொள்பவர்களுக்கு ஆபத்து பல மடங்கு.

ஒரு வருத்தமும் உண்டு. "சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா?" என்று நாங்கள் கேட்கிறோம், நீங்களும் சொல்கிறீர்கள். வாரத்தில் ஒரே நாள், வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் படுக்காமல் இருக்கிறீர்களே, அந்த மாத்திரையை யாரும் சொல்வதில்லை. நாங்களும் அதைக் கேட்கத் தவறுகிறோம். தப்பு எங்கள் பக்கம்தான் அதிகம்.

இந்த வாரமே முகத்தாடை அறுவை சிகிச்சை நிபுணரிடம் அம்மாவை அழைத்துப் போங்கள். அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் இதற்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. எக்ஸ்ரே எடுப்பார்கள், தேவைப்பட்டால் ஸ்கேனும். வெற்றிலை, புகையிலை போடும் பழக்கம் இருந்தால் மறைக்காதீர்கள். ஆறாத குழி புற்றுநோயாகவும் இருக்கக்கூடும் என்பதால் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டிவரலாம். மாத்திரையால் வந்த எலும்புக் கோளாறுதான் என்றால், பலருக்குக் கிருமிநாசினி வாய்க்கழுவியும் மருந்துமே போதும். ஆடுகிற எலும்புத் துண்டு இருந்தால் மெல்ல எடுத்துவிடுவார்கள். அதுவரை ஊசியால், குச்சியால் குழியைக் குத்த வேண்டாம், கிராம்புத் தைலம் ஊற்ற வேண்டாம். பல்செட் அந்த இடத்தில் உரசினால் கழற்றி வைத்துவிடச் சொல்லுங்கள்.