யூஸ் அண்ட் த்ரோ கேமரா லுக் டிஜிட்டலில் வருமா?

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். கோத்தகிரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். "அண்ணா, காலேஜ் முடியப் போகுது. பசங்களோட அவலாஞ்சி, குன்னூர்னு சுத்தப் போறோம். அந்தக் காலத்து யூஸ் அண்ட் த்ரோ ஃபிலிம் கேமராவுல எடுத்த மாதிரி படம் வேணும். கையில டிஎஸ்எல்ஆரும் 18-55 லென்ஸும் இருக்கு. ப்ரீசெட் காசு கொடுத்து வாங்கிப் போட்டேன், ஒட்டவே இல்ல. போன்ல எடுத்தா வருமா?"

ப்ரீசெட்டை, அதாவது எடிட்டிங் ஆப்பில் ஒரே தட்டில் நிறத்தை மாற்றும் ரெடிமேட் செட்டிங்கை, மட்டும் நம்பினால் வராது தம்பி. அந்த லுக்கில் முக்கால்வாசி, பட்டனை அழுத்தும்போதே முடிவாகிவிடும். ஃபூஜியின் குவிக்ஸ்நாப் என்ற யூஸ் அண்ட் த்ரோ கேமராவையே எடுத்துக்கொள்ளுங்கள். 32 மிமீ பிளாஸ்டிக் லென்ஸ், லென்ஸ் துளை எஃப் 10, ஷட்டர் 1/140 நொடி, உள்ளே 400 ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் வேகம்) கலர் நெகட்டிவ். இதில் எதையும் மாற்ற முடியாது. ஃபோகஸும் கிடையாது. ஒரு மீட்டருக்கு அப்பால் எல்லாமே சுமாராகத் தெரியும், அவ்வளவுதான். உங்கள் கேமராவின் புத்திசாலித்தனத்தை எல்லாம் அணைத்துவிட்டு அதையும் இப்படி ஆக்க வேண்டும்.

லென்ஸை 20, 21 மிமீ பக்கம் வையுங்கள். சின்ன சென்சாரில் அதுதான் பழைய 32 மிமீக்குச் சமம். மேனுவல் மோடு, எஃப் 10, 1/125. அப்புறம் ஒரு நண்பரை ஏழடி தள்ளி நிற்கச் சொல்லி அவர்மேல் ஃபோகஸ் செய்து, லென்ஸில் இருக்கும் சுவிட்சை எம்எஃப்புக்கு (மேனுவல் ஃபோகஸ்) தள்ளிவிடுங்கள். நாலடியில் இருந்து தூரத்து மலை வரைக்கும் ஓரளவு கிடைத்துவிடும். அதன்பிறகு ஜூம் வளையத்தைத் தொடாதீர்கள். ஒயிட் பேலன்ஸ் டேலைட்டிலேயே இருக்கட்டும், ஆட்டோ வேண்டாம். ரா ஃபைலாக (கேமரா மெருகேற்றாத மூலப் படமாக) எடுங்கள்.

ஐஎஸ்ஓவில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஃபிலிமில் 400 என்றால் நாமும் 400 என்று வைத்துவிடக் கூடாது. உச்சி வெயிலில் அந்தக் கேமரா கிட்டத்தட்ட மூன்று ஸ்டாப் ஓவர் எக்ஸ்போஸ் ஆகும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). கலர் நெகட்டிவ் அதைத் தாங்கிக்கொள்ளும், வானத்தில் கொஞ்சம் நிறம் மிச்சம் இருக்கும். டிஜிட்டல் சென்சார் தாங்காது, வானம் வெள்ளைக் காகிதமாகிவிடும். அதனால் வெயிலில் 100, மேகம் இறங்கினால் 400. சோலைக்குள், சாயங்கால வெளிச்சத்தில் எல்லாம் ஃபிளாஷைத் தூக்கிவிடுங்கள்.

அந்த ஃபிளாஷ்தான் பாதி வேலையைச் செய்கிறது. கேமரா தலையில் இருக்கும் சின்ன ஃபிளாஷே போதும், வெளிச்சத்தை மென்மையாக்கும் டிஃப்யூசர் எதுவும் மாட்ட வேண்டாம். 400 ஐஎஸ்ஓ, எஃப் 10 என்றால் அது இரண்டரை மீட்டர் வரைதான் எட்டும். பழைய கேமராவுக்கும் மூன்று மீட்டர்தான். முன்னால் நிற்பவர் முகம் பளிச்சென்று, முதுகுக்குப் பின்னால் சுவரில் கறுப்பாக நிழல் விழுந்து, அதற்கும் பின்னால் இருட்டு. ராத்திரி டீக்கடை வாசலில் இப்படி ஒன்று எடுத்துப் பாருங்கள், எடிட்டிங்கே தேவைப்படாது. பனிமூட்டத்தில் மட்டும் ஃபிளாஷ் வேண்டாம். நீர்த்துளிகளில் பட்டுத் திரும்பி வந்து படம் முழுக்க வெளுத்துவிடும். தூறல் என்றால் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு விழும்.

ஓரங்கள் கொஞ்சம் குழைய வேண்டும் என்றால் ஒரு பழைய யூவி ஃபில்டரை மாட்டி, அதன் விளிம்பில் மட்டும் விரல் நுனியால் வாசலின் தடவுங்கள். நடுவில் ஒரு ரூபாய் காசு அளவுக்குத் தொடக் கூடாது. லென்ஸ் கண்ணாடியில் நேராகத் தடவிவிட்டு என்னிடம் வராதீர்கள்!

இனி எடிட்டிங். ஷார்ப்பனிங்கைப் பூஜ்யமாக்குங்கள், நாய்ஸ் ரிடக்ஷனை அணையுங்கள், கறுப்பைக் கொஞ்சம் தூக்கிச் சாம்பலாக்குங்கள், நிழல்களில் லேசாகப் பச்சை, வெளிச்சத்தில் லேசாக மஞ்சள், மேலே கிரெய்ன் (ஃபிலிமின் பொடிப் புள்ளிகள்). இது எல்லா ப்ரீசெட்டிலும் இருக்கிறது. அவற்றில் இல்லாதது ஸ்டுடியோவில் இருந்த பிரிண்டிங் மெஷின். அது ஒவ்வொரு ஃப்ரேமையும் தனியாக அளந்து, சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பலுக்குக் கொண்டுவரப் பார்க்கும். தேயிலைத் தோட்டத்தில் நின்று எடுத்தால் படம் முழுக்கப் பச்சை. மெஷின் அதை அடக்கப் போய், முகம் ரோஸ் கலராகிவிடும். பனிமூட்டப் படத்தில் வெள்ளை அதிகம் என்று அதை மங்கலாக்கும். வீட்டு ஆல்பத்தில் ஊட்டி படங்களைப் பாருங்கள், ஒரே ரோலில் அடுத்தடுத்த படங்களே வேறு வேறு நிறத்தில் இருக்கும். அதனால் ஒரே ப்ரீசெட்டை எல்லாப் படத்துக்கும் ஒட்டாதீர்கள். தோட்டத்துப் படத்தில் டின்ட்டை மெஜந்தா பக்கம் கொஞ்சம் தள்ளுங்கள், பனிப் படத்தை அரை ஸ்டாப் குறையுங்கள்.

மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி போடுகிறார்களே, அது பெரும்பாலும் தேதி வசதி இருந்த காம்பாக்ட் கேமராக்களில் வந்தது. சாதாரண யூஸ் அண்ட் த்ரோவில் அது கிடையாது. சிவப்பாக லைட் லீக் ஒட்டுவதும் எனக்குப் பிடிக்காது. நல்ல நிலையில் இருந்த டப்பாவில் வெளிச்சம் புகாது. இந்தியாவுக்கே ஃபிலிம் ரோல் செய்த ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் இருந்த ஊர் நம்முடையது, ஊட்டி இந்து நகர் பக்கம் போனால் தெரியும். நாம் கொஞ்சம் சரியாகச் செய்வோமே.

போன் விஷயம். வராது என்றுதான் சொல்வேன். அதில் இருப்பது எல்ஈடி விளக்கு, ஃபிளாஷ் மாதிரி ஒரு நொடியில் வெடிக்காது, அந்த அழுத்தமான நிழலும் விழாது. போதாததற்கு, பல படங்களைச் சேர்த்து வெளிச்சத்தையும் இருட்டையும் சமன் செய்யும் எச்டிஆர் வேறு எல்லா இருட்டையும் நிரவிவிடும். அதற்குப் பதில் 2005 வாக்கில் வாங்கிய சின்ன டிஜிட்டல் கேமரா ஏதாவது வீட்டு அலமாரியில் கிடந்தால் எடுத்துப் போங்கள். அதில் நிஜமான ஃபிளாஷ் இருக்கும். பழைய பேட்டரி அவலாஞ்சிக் குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும், எடுக்காத நேரத்தில் கழற்றி ஸ்வெட்டருக்கு உள்ளே சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.