மதமும் சமூக நீதியும் ஆராய வேண்டுமா? டெல்லியில் எம்.ஏ. முதல் உதவிப் பேராசிரியர் வேலை வரை

(திரையில்: சாலையோரம் செருப்புத் தைக்கும் பெட்டி. எழுத்து: சென்னை, உச்ச நீதிமன்றம், 1985)

சூசை சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்தவர். பிறப்பால் ஆதிதிராவிடர், மதத்தால் கிறிஸ்தவர். செருப்புத் தைப்பவர்களுக்கு அரசு இலவசப் பெட்டிக்கடை கொடுத்தபோது இந்து ஆதிதிராவிடர்களுக்குக் கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. காரணம், 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதி ஆணையில் உள்ள மூன்றாவது பத்தி. சில சீக்கியச் சாதிகள் நீங்கலாக, இந்து அல்லாத யாரையும் அது பட்டியலில் ஏற்கவில்லை. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் முழுமையாகச் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவரும் தலித் முஸ்லிமும் இன்றும் வெளியேதான்.

சூசை உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றார். அந்தத் தீர்ப்பை அரசியல் அறிவியல் மாணவர் ஒவ்வொருவரும் ஒருமுறை முழுதாகப் படிக்க வேண்டும். மதம் மாறிய பிறகும் சாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சொன்னால் போதாது, அந்தச் சாதியால் வரும் இழிவு புதிய மதத்துக்குள்ளும் அதே கடுமையோடு தொடர்கிறது என்று நிறுவ வேண்டும் என்றது நீதிமன்றம். அப்படி நிறுவும் விரிவான, நம்பத்தகுந்த ஆய்வு எதுவும் தன் முன் வைக்கப்படவில்லை என்றும் சொன்னது. அந்த ஆய்வைச் செய்வதுதான் இந்தத் துறையின் வேலை.

(திரையில்: ஜே.என்.யூ. எனப்படும் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழக வாசல், டெல்லிப் பல்கலைக்கழக வடக்கு வளாகம், ஜாமியா மில்லியா பல்கலைக்கழகம்)

டெல்லியில் எம்.ஏ. படிக்கும் நம் பிள்ளைகள் "சாதியும் மதமும்தான் என் டாபிக்" என்று சொல்லிக்கொண்டு நெறியாளரைத் தேடுகிறார்கள். அது டாபிக்தான், இன்னும் கேள்வி ஆகவில்லை. நேர்காணலில் உட்காருபவர்கள் மூன்றைத் தேடுவார்கள்: யாரைப் பற்றி, எந்தக் காலத்தில், எந்தச் சான்றை வைத்து.

சூசை வழக்கையே எடுத்துக்கொள்வோம். "தலித் கிறிஸ்தவர்களின் நிலை" என்று எழுதினால் சினாப்சிஸ் (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) முதல் வாரமே திரும்பி வரும். "1985க்குப் பிறகு பட்டியல் சாதி அந்தஸ்துக்கான விசாரணைகளில் எவையெல்லாம் சான்றாக ஏற்கப்பட்டன, எவை தள்ளப்பட்டன" என்று மாற்றிப் பாருங்கள். 2007இல் அறிக்கை தந்த ரங்கநாத் மிஸ்ரா ஆணையம், 2022 அக்டோபரில் அமைக்கப்பட்ட கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையம், நாடாளுமன்ற விவாதங்கள், வழக்குப் பிரமாணப் பத்திரங்கள் என்று எந்தக் கட்டைத் திறக்க வேண்டும் என்பது அந்த ஒரு வாக்கியத்திலேயே தெரிந்துவிடும்.

தமிழ் படிக்கத் தெரிவது இங்கே பெரிய பலம். அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்', பெரியாரின் 'குடி அரசு', எழும்பூர் ஆவணக் காப்பகம், ரோஜா முத்தையா நூலகம் எல்லாம் மூலத்திலேயே உங்களுக்குத் திறந்திருக்கின்றன. ஜன்பத்தில் தேசிய ஆவணக் காப்பகத்தில் டெல்லித் தரப்புக் கோப்புகளைப் பார்த்துவிட்டு, அதே விவகாரத்தின் சென்னைத் தரப்பைத் தமிழில் படிக்க முடிந்தவர்கள் மிகக் குறைவு. இந்த பலத்தைச் சினாப்சிஸின் முதல் பக்கத்திலேயே சொல்லுங்கள். பலர் இதைப் பின்னிணைப்பில் கொண்டுபோய் ஒளித்து வைக்கிறார்கள்.

(திரையில்: ஒரே கேள்வி, நான்கு துறைகளை நோக்கிய நான்கு அம்புகள்)

அடுத்தது எந்தத் துறை என்ற முடிவு. அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான், சறுக்கியது தெரிய ஏழெட்டு வருடம் ஆகும்.

ஒரே கேள்வியை ஜே.என்.யூ.வில் அரசியல் ஆய்வு மையத்திலும் எடுக்கலாம், பாகுபாடும் விலக்கலும் பற்றிய ஆய்வு மையத்திலும் எடுக்கலாம். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியலில் எடுக்கலாம், அயோத்திதாசரின் பௌத்தம் என்றால் பௌத்த ஆய்வுத் துறையிலும் எடுக்கலாம். ஆய்வுக்கு நான்குமே நல்ல வீடுகள். ஆனால் வேலை விளம்பரம் துறையின் பெயரில் வருகிறது. டெல்லியில் கல்லூரிக்குக் கல்லூரி அரசியல் அறிவியல் துறை இருக்கிறது. மத ஒப்பாய்வு, பௌத்தம், சமூக விலக்கல் ஆகியவற்றுக்கான இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதி "அதே பாடம், தொடர்புடைய பாடம், நெருங்கிய பாடம்" மூன்றிலும் முதுகலைப் பட்டத்தை ஏற்கிறது. எது நெருங்கிய பாடம் என்று முடிவு செய்வதோ விண்ணப்பத்தைச் சல்லடை போடும் குழு. ஆகவே பிஎச்.டி. எங்கே செய்தாலும், எம்.ஏ.வும் நெட்டும் (தேசியத் தகுதித் தேர்வு) அரசியல் அறிவியலில் இருக்கட்டும். இரண்டும் வேறு பாடத்தில் இருந்து, ஆய்வேட்டின் உள்ளடக்கம் மட்டும் அரசியலாக இருந்தால், குழுவை நம்பி நிற்க வேண்டியதுதான்.

(திரையில்: நெட் தேர்வு அமைப்பு)

நெட் பற்றிச் சுருக்கமாக. முதல் தாள் 50 கேள்வி, 100 மதிப்பெண். இரண்டாம் தாள் 100 கேள்வி, 200 மதிப்பெண். மொத்தம் மூன்று மணி நேரம், தவறான விடைக்குக் கழிவு இல்லை, ஆகவே எதையும் விடாமல் குறியுங்கள். 2024 முதல் முடிவு மூன்று வகையாக வருகிறது: ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை), உதவிப் பேராசிரியர் தகுதியோடு பிஎச்.டி. சேர்க்கை, பிஎச்.டி. சேர்க்கை மட்டும். பின்னிரண்டு வகையினருக்கு நெட் மதிப்பெண் 70 சதவீதம், நேர்காணல் 30 சதவீதம். சேர்க்கைக்கு அந்த மதிப்பெண் ஓர் ஆண்டுதான் செல்லும். "அடுத்த வருடம் நல்ல நெறியாளர் கிடைக்கட்டும்" என்று காத்திருப்பவர்கள் மறுபடி தேர்வு எழுத வேண்டியிருக்கும்.

ஜே.ஆர்.எஃப். 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பின் 42,000. விடுதி இல்லையென்றால் வீட்டு வாடகைப் படி தனி. மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஜே.ஆர்.எஃப். இல்லாதவருக்கு மாதம் 8,000 ரூபாய். முனிர்க்காவிலோ முகர்ஜி நகரிலோ அறை எடுத்துத் தங்குபவருக்கு அது வாடகைக்கே போதாது. பட்டியல் சாதி மாணவருக்கும் ஓ.பி.சி. மாணவருக்கும் தனித் தேசிய உதவித்தொகைகள் உண்டு. சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகை 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. மத ஆய்வுக்கு வரும் சிறுபான்மை மாணவர்களை இது நேராகப் பாதிக்கிறது. அதை மீண்டும் கொண்டுவரத்தான் வேண்டும்.

(திரையில்: பிஎச்.டி. காலக்கோடு, 3 முதல் 6 ஆண்டு)

யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு. கோர்ஸ் வொர்க் (தொடக்கத்தில் படிக்கும் பாடங்கள்) குறைந்தது 12 கிரெடிட். அதில் ஆய்வு அறம் குறித்த பாடம் கட்டாயம். உதவிப் பேராசிரியர் ஒரே சமயத்தில் நான்கு பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், பேராசிரியர் எட்டுப் பேருக்கும்தான் நெறியாளராக இருக்க முடியும். நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் பேராசிரியரிடம் காலியிடம் இருக்கிறதா என்று விண்ணப்பிக்கும் முன்பே துறை அறிவிப்பில் பாருங்கள்.

நம் துறைக்கே உரிய ஒரு கோளாறு, ஒப்புமைச் சோதனை, அதாவது பிறர் எழுத்து ஆய்வேட்டில் எவ்வளவு இருக்கிறது என்று மென்பொருள் பார்ப்பது. தீர்ப்பு வரிகள், ஆணைய அறிக்கை வரிகள் ஆய்வேட்டில் நிறைய வரும். மேற்கோள் குறியும் மூலமும் இல்லாமல் அவற்றைப் பத்தியோடு கலந்து எழுதினால் மென்பொருள் அத்தனையையும் எண்ணிவிடும். யு.ஜி.சி.யின் 2018 கருத்துத் திருட்டுத் தடுப்பு விதியில் 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும், 40 முதல் 60 வரை ஓர் ஆண்டுத் தடை, 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. மேற்கோள் குறியைத் தட்டச்சு செய்யும்போதே போடுங்கள். பிறகு போடலாம் என்று விட்டது எப்போதும் விடுபட்டே போகும்.

களப்பணிக்கு ஒரு வார்த்தை. டெல்லியில் தமிழ் வழிபாடு நடக்கும் தேவாலயத்துக்குப் போய் முதல் கேள்வியாகச் சாதியைக் கேட்காதீர்கள். கல்லறை, திருமணம், சபைக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாலே விவரம் வந்துவிடும். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. சிறிய சபையில் தொழிலையும் வயதையும் எழுதினாலே ஆள் தெரிந்துவிடும்.

(திரையில்: மதிப்பெண் அட்டவணை)

இனி வேலை. யு.ஜி.சி.யின் 2018 ஆசிரியர் நியமன விதியில் கல்லூரிக்கான மதிப்பெண்ணைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பி.ஏ.வில் 62 சதவீதம் என்றால் 19. எம்.ஏ.வில் 58 என்றால் 20. பிஎச்.டி.க்கு 25. நெட்டுக்கு 8, ஜே.ஆர்.எஃப். இருந்தால் 10. கட்டுரை ஒன்றுக்கு 2 வீதம் அதிகபட்சம் 6, கற்பித்த அனுபவம் ஆண்டுக்கு 2 வீதம் அதிகபட்சம் 10. ஜே.ஆர்.எஃப். இல்லாமல் மூன்று கட்டுரையோடு நிற்பவருக்கு 78. நான்காவது கட்டுரைக்கு இந்த அட்டவணையில் எதுவும் இல்லை. அந்த நேரத்தை வகுப்பெடுக்கக் கொடுங்கள். இந்த மதிப்பெண் நேர்காணலுக்கு அழைக்க மட்டும்தான். தேர்வு முழுக்க நேர்காணலில்.

டெல்லிக் கல்லூரிகளில் இந்தியில் தேர்வு எழுதும் மாணவர்கள் நிறைய. ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அதையே இந்தியில் விளக்க முடியுமா என்று நேர்காணலில் பார்ப்பார்கள். 'மதச்சார்பின்மை', 'இடஒதுக்கீடு' இரண்டையும் பத்து நிமிடம் இந்தியில் விளக்கப் பழகுங்கள்.

எந்தப் பணியிடம் எந்தப் பிரிவுக்கு என்று சொல்லும் வரிசைப் பட்டியலான இடஒதுக்கீட்டு ரோஸ்டரையும் புரிந்துகொள்ளுங்கள். வரிசையில் 4ஆவது இடம் ஓ.பி.சி., 7ஆவது எஸ்.சி., 14ஆவது எஸ்.டி. துறையை அலகாக வைத்து எண்ணினால் மூன்று பேர் கொண்ட சிறு துறையில் இந்த இடங்கள் லேசில் வராது. 2017இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அப்படித்தான் எண்ணச் சொன்னது. கடும் போராட்டத்துக்குப் பின் 2019இல் நாடாளுமன்றச் சட்டம் நிறுவனம் முழுவதையும் ஒரே அலகாக்கியது.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்குச் சான்றிதழ் பற்றி. மாநில பி.சி., எம்.பி.சி. சான்றிதழை மத்தியப் பல்கலைக்கழகம் ஏற்காது. மத்திய ஓ.பி.சி. பட்டியலில் உங்கள் சாதி இருக்கிறதா என்று பார்த்து, கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவு) இல்லை என்று மத்திய அரசு படிவத்தில், விளம்பரம் கேட்கும் நிதியாண்டுத் தேதியோடு வாங்க வேண்டும். பட்டியல் சாதியிலிருந்து மதம் மாறிய கிறிஸ்தவர் தமிழ்நாட்டில் பி.சி. பட்டியலில் வருகிறார். சூசை கேட்ட அந்தஸ்து அது அல்ல. ஊரில் தாலுகா அலுவலகத்தில் இந்தச் சான்றிதழுக்கு நாள் பிடிக்கும், விளம்பரம் வந்த பிறகு ஓடினால் கடைசித் தேதிக்குள் கைக்கு வராது. ஏப்ரல் பிறந்ததும் விண்ணப்பித்துவிடுங்கள்.