அம்மி நகர்ந்த பாதை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, இந்தக் குளிரிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் எங்கள் தொகுதியின் மாநகரசபை உறுப்பினர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற அதிபர் ஐயா அவர்களே, எங்கள் அழைப்பை ஏற்று பிராம்ப்டனில் இருந்து வந்திருக்கும் பஞ்சாபி நண்பர்களே, பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியைகளே, அம்மாமாரே, அப்பாமாரே, இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் இளம் பிள்ளைகளே, எல்லோருக்கும் என் அன்பான வணக்கம்.

தலைவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். இன்று மாலை நாலு மணிக்கு இந்த மண்டப வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்தவர் அவர்தான். நாங்கள் வழுக்காமல் உள்ளே வந்து உட்கார்ந்திருப்பது அவருடைய உழைப்பால். மாநகரசபை உறுப்பினருக்கும் நன்றி சொல்ல வேண்டும். கோடை காலத்தில் நாங்கள் பனி மைதான நேரம் பற்றிப் பேசப் போனபோது, அரை மணித்தியாலம் தந்தவர் ஒன்றரை மணித்தியாலம் இருந்து கேட்டார். அதிபர் ஐயா என்னை விட வயதில் மூத்தவர், நான் பேசி முடித்ததும் பிழைகளைத் தனியாகச் சொல்லித் திருத்துவார். அந்த உரிமை அவருக்கு எப்போதும் உண்டு.

சரி. அழைப்பிதழில் மூன்று விஷயம் பேசுவேன் என்று போட்டிருக்கிறது. முதலாவது, அர்ஷ்தீப் பெயின்ஸ் என்ற இளம் ஐஸ் ஹொக்கி வீரர் வந்த வழி. இரண்டாவது, விங்கர் என்பவர் பனியில் என்ன செய்கிறார். மூன்றாவது, தொழில்முறை ஹொக்கியில் ஒப்பந்தம், சம்பளம், முகவர் பற்றிய விவரம். வரிசையாக வருகிறேன்.

அம்மா எங்களுக்கு அடிக்கடி சொல்லுவா, அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று. இந்தப் பழமொழியை நான் எந்த மேடையில் ஏறினாலும் சொல்வேன் என்று என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இன்று அதைச் சொல்வதற்கு எனக்கு முழு உரிமை இருக்கிறது, ஏனென்றால் பெயின்ஸின் கதை அந்த அம்மியின் கதையேதான்.

பெயின்ஸ் 2001ஆம் ஆண்டு ஜனவரி மாதம் பிரிட்டிஷ் கொலம்பியாவின் சர்ரே நகரில் பிறந்தவர். பஞ்சாபிக் குடும்பம். சர்ரேயில் பஞ்சாபி மக்கள் எவ்வளவு செறிந்து வாழ்கிறார்கள் என்பது அங்கே போனவர்களுக்குத் தெரியும். கடைப் பலகையில் குர்முகி எழுத்து இருக்கும். சனிக்கிழமை இரவில் ஹொக்கி ஆட்டத்தின் நேர்முக வர்ணனையைப் பஞ்சாபியில் கேட்கலாம். 2008இல் தொடங்கிய அந்த வர்ணனையில் ஹர்நாராயண் சிங் என்பவரின் குரல் நாடு முழுவதும் பிரபலம். தன் தாத்தாவும் பாட்டியும் விளங்கிக்கொள்ளும் மொழியில் ஹொக்கி கேட்டு வளரும் பிள்ளைக்கு, அது வேறு யாரோ ஒருவருடைய விளையாட்டாகத் தெரியாது.

ஆனால் வழி எளிதாக இருக்கவில்லை. வட அமெரிக்காவின் உச்ச ஹொக்கி லீக்கான என்.எச்.எல். அணிகள் ஒவ்வொரு ஆண்டும் பதினெட்டு முதல் இருபது வயது வரையான இளைஞர்களைத் தெரிவு செய்யும். ஏழு சுற்று, இருநூறுக்கும் மேற்பட்ட பெயர்கள். பெயின்ஸ் 2019இல் தெரிவுக்குத் தகுதி பெற்றார். அவர் பெயர் வரவில்லை. 2020இல் வரவில்லை. 2021இலும் வரவில்லை. மூன்று வருடம் தொடர்ந்து வீட்டில் எல்லோரும் அந்தப் பட்டியலைப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். சித்தி, பெரியப்பா, பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் கேட்டிருப்பார்கள். எங்களுடைய ஒரு பிள்ளைக்குப் பல்கலைக்கழக அனுமதி ஒரு முறை கிடைக்காமல் போனாலே நாங்கள் கலியாண வீட்டுக்குப் போகாமல் ஒளிந்து திரிவோம்.

அவர் அப்போது அல்பேர்ட்டாவில் ரெட் டியர் ரெபெல்ஸ் அணிக்கு விளையாடிக்கொண்டிருந்தார். ரெட் டியர், கல்கரிக்கும் எட்மன்ரனுக்கும் நடுவில் இருக்கும் ஊர். அந்த அணி விளையாடும் மேற்கு ஹொக்கி லீக், இருபது வயது வரையான இளைஞர்களுக்கானது. அப்போது அதில் 22 அணிகள். மானிற்றோபாவிலிருந்து அமெரிக்காவின் ஒரேகன் வரை பரந்து கிடக்கின்றன. எல்லாம் பேருந்துப் பயணம்தான். பிறகு கொரோனா வந்தது, ஒரு பருவம் பாதியில் நின்றது, அடுத்த பருவம் சுருங்கியது. இருபது வயதாகும்போது ஓர் அணி அந்த வயதில் மூன்று பேரைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று விதி. மூன்றே மூன்று இடம். அந்த இடங்களில் ஒன்று அவருக்கு.

அந்த 2021-22 பருவத்தில் 68 ஆட்டங்களில் 43 கோல் அடித்தார், 69 கோலுக்கு உதவினார். கோலுக்கும் உதவிக்கும் ஒவ்வொரு புள்ளியாக மொத்தம் 112 புள்ளி. லீக் முழுவதிலும் முதலிடம். தெற்காசியப் பின்னணியில் வந்த ஒருவர் அந்த லீக்கில் புள்ளிப் பட்டியலின் தலையில் நின்றது அதுவே முதல் தடவை. 2022 மார்ச்சில், சொந்த ஊருக்குப் பக்கத்து அணியான வன்கூவர் கனக்ஸ் அவரோடு ஒப்பந்தம் செய்தது. மூன்று முறை பெயர் வராத பிள்ளை கையெழுத்துப் போட்டார். அடி மேல் அடி என்றேனே, அது இதுதான்.

விங்கர் பற்றிச் சொல்கிறேன் என்றேன். ஹொக்கி மைதானம் 200 அடி நீளம், 85 அடி அகலம். ஒரு நேரத்தில் ஓர் அணிக்குக் கோல் காப்பவரோடு ஆறு பேர். அதில் நடுவில் ஒருவரும் இரண்டு பக்கத்தில் இரண்டு விங்கரும் முன்னணியில். பெயின்ஸ் இடது பக்கம். கோல் அடிப்பதை மட்டும்தான் நாங்கள் பார்க்கிறோம். விங்கரின் கடினமான வேலை தன் சொந்தக் கோலின் பக்கத்தில் இருக்கிறது. எதிரணிப் பாதுகாப்பு வீரர் நீலக்கோட்டருகில் நின்று அடிக்கும்போது அவர் முன்னால் பாய்ந்து மறிக்க வேண்டும். பக் என்று சொல்கிற அந்த உறைந்த இறப்பர் வட்டு சுவரோரமாக வரும்போது, பின்னால் ஒருவர் வந்து முட்டப்போகிறார் என்று தெரிந்தே அதை எடுத்து வெளியே தள்ள வேண்டும். முக்கால் நிமிடம் அப்படி ஓடிவிட்டு வாங்கில் வந்து இருமி இருமி மூச்சு வாங்குவார்கள். பிறகு மறுபடியும் குதிப்பார்கள். 112 புள்ளி எடுத்த பையன் மேல் அணிக்குப் போனபோது அவரிடம் எதிர்பார்த்தது இந்தச் சுவரோர வேலையைத்தான்.

இங்கே ஒரு கதை சொல்ல வேண்டும். நேரம் பார்க்காதீர்கள்.

என் அக்காவின் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம். தகப்பன் யாழ்ப்பாணத்து மயிலிட்டிக் கடலில் தொழில் செய்தவர். இடம்பெயர்ந்து, பல ஊர் அலைந்து இங்கே வந்தவர். இங்கே வந்து இரவு வேலை, ஒரு பொதிசெய்யும் தொழிற்சாலையில். மகனுக்கு அப்போது ஏழு வயது, பள்ளிக்கூடத்தில் ஒருநாள் பனியில் சறுக்கக் கூட்டிப்போனதில் ஹொக்கி ஆசை பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பயிற்சி. தகப்பன் இரவு வேலை முடிந்து ஐந்து மணிக்கு வெளியே வந்து, வீட்டுக்குப் போய்ப் பிள்ளையை எழுப்பி, நேரே அரீனாவுக்கு வருவார். அக்காவின் மகனும் அதே குழுவில் இருந்ததால் நானும் சில காலைகளில் போவேன். வெளியே பூச்சியத்துக்குக் கீழே இருபது டிகிரி. உள்ளே போனால் இன்னும் குளிர் போலத் தெரியும்.

முதல் நாள் மற்ற அப்பாமார் எல்லோரும் பிள்ளைகளின் சறுக்குச் சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார்கள். அது லேசான வேலை இல்லை. கணுக்கால் அசையாமல் இறுக்க வேண்டும், இரத்தமும் ஓட வேண்டும். ஒவ்வொருவரும் இரண்டு முறை கட்டி அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். மயிலிட்டிக்காரர் நிலத்தில் முழங்கால் போட்டு இருந்தார். மகனின் காலைத் தன் தொடையில் வைத்தார். ஒரே இழுப்பு, ஒரு மடிப்பு, ஒரு முடிச்சு. வலைக்கும் வள்ளத்துக்கும் போட்ட முடிச்சு. பயிற்சி முழுவதும் அது இளகவில்லை. முடிந்த பிறகு ஒரு நுனியைத் தொட்டு இழுத்தார், முழுவதும் அவிழ்ந்து விழுந்தது. அடுத்த கிழமை பயிற்றுநரே தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்து அவர் முன்னால் இருத்தினார். அதற்கடுத்த கிழமை வரிசை. போலந்துப் பிள்ளை, ஜமெய்க்காப் பிள்ளை, சீனப் பிள்ளை, எல்லோரும் அந்த வாங்கில் காலை நீட்டிக்கொண்டு இருப்பார்கள். ஆங்கிலத்தில் இரண்டு சொல் பேசக் கூச்சப்பட்ட மனிதர், இரவு முழுதும் நின்று வேலை செய்த மனிதர், அந்தக் காலைகளில் நிமிர்ந்து இருந்தார். எனக்கு இப்போதும் அந்தக் காட்சி கண்ணில் நிற்கிறது.

அந்தப் பையன் இரண்டு பருவம் விளையாடினான். மூன்றாம் பருவத்தில் கால் வளர்ந்துவிட்டது. சப்பாத்து, தலைக்கவசம், தோள் கவசம், கையுறை, மட்டை, எல்லாம் புதிதாக வேண்டும். அதோடு பதிவுக் கட்டணம். அந்த வருடம் வேலையில் மணித்தியாலங்களைக் குறைத்துவிட்டார்கள். அவர் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கிற ஆள் இல்லை அவர். பையன் வரவில்லை, அவ்வளவுதான். எங்கள் அக்கா வீட்டுக் கராஜில் அந்த நேரம் அவன் காலுக்குச் சரியான அளவில் ஒரு சோடி சப்பாத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எங்களுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. இதை நினைத்து நான் பல இரவு வருந்தியிருக்கிறேன்.

பெயின்ஸிடம் திரும்புகிறேன். ஒப்பந்தம் ஆனதும் அவர் நேரே என்.எச்.எல். போகவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் அபொட்ஸ்ஃபோர்டில் இருக்கும், வன்கூவரின் இரண்டாம் நிலை அணிக்குப் போனார். அங்கே 1911இல் கட்டிய குருத்வாரா இன்று கனடாவின் தேசிய வரலாற்றுச் சின்னம். பஞ்சாபி நண்பர்கள் தலையாட்டுகிறார்கள், அவர்களுக்கு அந்த ஊரின் பெருமை தெரியும். இரண்டு பருவம் உழைத்தார். 2024 பெப்ரவரியில் சன் ஹோசேயில் நடந்த அந்த இரண்டாம் நிலை லீக்கின் நட்சத்திர ஆட்டத்தில் சிறந்த வீரர் விருது அவருக்கு. அதே மாதம் 20ஆம் திகதி டென்வரில், கொலராடோ அணிக்கு எதிராக முதல் என்.எச்.எல். ஆட்டம். அந்தப் பருவத்தில் எட்டு ஆட்டம் ஆடினார், ஒரு புள்ளியும் இல்லை. திரும்பவும் அபொட்ஸ்ஃபோர்ட். அடுத்த ஒக்ரோபரில் சிகாகோவில் முதல் கோல்.

அவருக்கு முன்னால் பஞ்சாபிப் பின்னணியிலிருந்து என்.எச்.எல். பாதையில் நடந்தவர்கள் மூன்று பேர். பிரிட்டிஷ் கொலம்பியாவின் டங்கனில் பிறந்த ரொபின் பாவா 1989இல் முதல் ஆளாக இறங்கினார். மிசிசாகாவில் பிறந்த மனி மல்ஹோத்ரா 991 ஆட்டம் ஆடினார். சர்ரேயைச் சேர்ந்த ஜுஜார் கைரா மூன்றாமவர். பெயின்ஸ் நான்காவது. 2025 ஜூனில் அபொட்ஸ்ஃபோர்ட் அணி அந்த இரண்டாம் நிலை லீக்கின் கால்டர் கிண்ணத்தை வென்றபோது, பயிற்றுநராக நின்றவர் அதே மல்ஹோத்ரா. 2018இல் எங்கள் ரொறன்ரோ மார்லீஸ் வென்ற பிறகு ஒரு கனேடிய அணி அந்தக் கிண்ணத்தைத் தூக்கியது அப்போதுதான். முன்னால் போனவர் பின்னால் வருபவரை வாங்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். 1989க்கும் 2024க்கும் இடையில் 35 வருடம். நாலு பேர். அம்மி நகர எவ்வளவு அடி வேண்டியிருந்தது என்று பாருங்கள். அந்த ஒவ்வொரு அடிக்கும் பின்னால் ஒரு சோடி சப்பாத்து வாங்கிக் கொடுத்த வீடு ஒன்று இருந்திருக்கிறது.

அதனால்தான் இரண்டு வருடமாக ஒரே விஷயத்தைக் கேட்டுக்கொண்டு திரிகிறேன். எங்கள் பகுதியில் ஒரு ஹொக்கிப் பொருள் அறை வேண்டும். வாசிகசாலையில் புத்தகம் எடுப்பது போல, பிள்ளை பருவத் தொடக்கத்தில் வந்து தன் அளவில் எடுத்துப் போய், பருவம் முடியத் திருப்பித் தர வேண்டும். காசு இல்லை, படிவத்தில் சம்பளம் கேட்பதில்லை, ஏன் என்று கேட்பதில்லை. மயிலிட்டிக்காரர் போன்ற மனிதர் தலை குனியாமல் உள்ளே வந்து போக வேண்டும். பெண் பிள்ளைகளுக்கும் அதே தட்டு, அதே உரிமை. சப்பாத்துக் கத்தியைக் கூர் தீட்டும் இயந்திரம் ஒன்று வேண்டும், அதற்கு இன்னும் காசு சேரவில்லை. தலைக்கவசம் மட்டும் பழையதைத் தர விரும்பவில்லை, புதிதாகத்தான் வாங்க வேண்டும். மாநகரசபை உறுப்பினர் அவர்களே, ஓர் அறை, ஒரு பூட்டு, வெப்பமூட்டி. இந்தச் சபை முன்னால் கேட்கிறேன்.

சம்பளம், முகவர் பற்றிக் கேட்க வந்த இளைஞர்கள் மன்னிக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே தகவல்: முகவரைத் தேடும் வயது வருமுன் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், பெற்றோரோடு ஒரு வழக்கறிஞரும் வாசிக்கட்டும். மீதியைத் தேநீர் நேரத்தில் கேளுங்கள்.

வருகிற சனிக்கிழமை காலை பத்து மணியிலிருந்து இதே மண்டபத்தின் பின் கதவு திறந்திருக்கும். கராஜில், நிலவறையில், காரின் பின்பெட்டியில் கிடப்பதைக் கொண்டு வாருங்கள். ஈரம் காய்ந்திருக்க வேண்டும், கத்தியில் துரு இருந்தாலும் பரவாயில்லை. கோல் காப்பவரின் கால் கவசம் இருந்தால் முதலில் என்னைக் கூப்பிடுங்கள், அது ஒன்றுகூட இதுவரை வரவில்லை. சப்பாத்தின் அளவை ஒரு கடதாசியில் எழுதி ஒட்டிவிடுங்கள், இரண்டு காலையும் கயிற்றால் சேர்த்துக் கட்டிவிடுங்கள். முடிச்சை வந்து போட்டுக் காட்ட அவர் ஒத்துக்கொண்டிருக்கிறார்.