பாட்டில்லாப் படங்கள் இரண்டு

அவையோர் அனைவருக்கும் வணக்கம். பழைய படங்களில் எதைப் பார்க்கலாம் என்று இளைஞர்கள் கேட்கும்போதெல்லாம், பாட்டே இல்லாத இரண்டு படங்களை முதலில் பாருங்கள் என்று சொல்வது என் வழக்கம். பாட்டுக்கு நான் பகைவன் அல்லன். தியாகராஜ பாகவதர் பாட்டைக் கேட்டே வளர்ந்தவன். ஆனால் 1934இல் வந்த ‘பவளக்கொடி’யில் ஏறக்குறைய ஐம்பது பாட்டுகள் இருந்தன என்பதை நினைவில் கொண்டால்தான், இருபது ஆண்டுகள் கழித்து ஏவி.எம். நிறுவனம் ஒரு பாட்டுகூட இல்லாமல் ‘அந்த நாள்’ எடுத்ததன் துணிச்சல் விளங்கும். அதை இயக்கிய எஸ். பாலசந்தரோ வீணை வித்துவான்!

1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசியதை ஒட்டி நடக்கும் கதை இது. தொடங்கியதுமே துப்பாக்கி வெடிக்கிறது. ராஜனாக வரும் சிவாஜி கணேசன் சாய்கிறார். கதாநாயகனை முதல் காட்சியிலேயே கொன்றுவிட்டு மிச்சப் படத்தை எப்படி நடத்துவது? துப்பறியும் அதிகாரியாக வரும் ஜாவர் சீதாராமன், அண்டை வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, நாட்டியக்காரி, மனைவி என்று ஒவ்வொருவராக விசாரிக்க, ஒவ்வொருவர் வாய்மொழியிலும் வேறொரு ராஜன் எழுந்து வருகிறான். ‘பராசக்தி’யில் நீதிமன்றத்தையே அதிரவைத்த சிவாஜி, இங்கே ஒரே ஆளைப் பல ஆட்களாக நடித்துக் காட்டுகிறார். மாருதி ராவின் ஒளிப்பதிவில் முகங்கள் பாதி வெளிச்சத்திலும் பாதி இருளிலுமாக நிற்கின்றன. நடுவே ஒரு பாட்டு நுழைந்திருந்தால், நம் மனத்தில் மெல்லக் கட்டிய சந்தேகம் அங்கேயே கலைந்துபோயிருக்கும். கொன்றவர் யார் என்பதை நான் சொல்லப்போவதில்லை. பார்த்தவர்கள் பக்கத்து இருக்கைக்காரரிடம் இப்போதே சொல்லிவிட வேண்டாம்.

மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ பற்றிப் பேசத் தொடங்கினால் பொழுது விடிந்துவிடும். அதற்குப் பாட்டும் உண்டு என்பதால் இன்று தப்பித்தீர்கள்.

இரண்டாவது படம் பாலு மகேந்திராவின் ‘வீடு’, 1988இல் வந்தது. வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டிய நெருக்கடியில், நடுத்தரக் குடும்பத்துப் பெண் ஒருத்தி சொந்த வீடு கட்டத் துணிகிறாள்; கதை அவ்வளவுதான். கடன், ஒப்பந்தக்காரரின் தில்லுமுல்லு, திருட்டுப்போகும் சிமென்ட் என்று மனை வாங்கிய எவரும் பட்ட பாடுகளே வரிசையாக வருகின்றன. அர்ச்சனாவுக்கு இதற்காகத் தேசிய விருது கிடைத்தது. எனக்கோ தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதரே கண்ணில் நிற்கிறார். நாடக மேடையில் பழகிய அந்த முதியவர், கட்டி முடியாத வீட்டைப் பார்க்கத் தனியே வருகிறார். பூசாத சுவரைக் கையால் தடவியபடி ஒவ்வோர் அறையாக நடக்கிறார். வசனம் இல்லை. அந்தக் காட்சி ஓடும்போது தொலைபேசியை எடுக்காதீர்கள்.