சளிப்படலத்தைக் கரைக்கும் அமீபா
(பாளையங்கோட்டையில் பொதுமக்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம். சீதமும் ரத்தமுமாகப் போனால் ‘சூடு’ என்று மோரைக் குடித்துவிட்டுப் படுக்கிற வழக்கம் நம்ம பக்கம் இன்னும் இருக்கிறது. சீதபேதி எல்லாமே பாக்டீரியாவின் வேலை அல்ல. அதில் ஒரு பங்கு எண்டமீபா ஹிஸ்டோலிட்டிகா என்ற ஒற்றைச் செல் உயிரியுடையது.

இது கூடாக, அதாவது சிஸ்ட் வடிவில், உள்ளே வருகிறது. சாக்கடை கலந்த ஆற்றுநீர், கழுவாத கை, ஈ மொய்த்த பண்டம் எது வழியாகவும் வரலாம். இரைப்பை அமிலம் அதை ஒன்றும் செய்யாது. வழக்கமான அளவு குளோரினையும் நம்பி இருக்க முடியாது. தளதளவென்று ஒரு நிமிஷம் கொதித்தால் செத்துவிடும்.

சிறுகுடலில் கூடு திறந்ததும் அமீபாக்கள் பெருங்குடலுக்குப் போகின்றன. அங்கே குடல் சுவரை மூடிச் சளிப்படலம் ஒன்று இருக்கிறது. அதன் மியூசின் புரதத்தைச் சர்க்கரை மூலக்கூறுகள் போர்த்தியிருப்பதால் நொதிகள் எளிதில் கடிக்க முடியாது. அமீபா சுரக்கும் சிஸ்டீன் புரோட்டியேஸ் என்ற, புரதத்தை வெட்டும் நொதிகளோ சர்க்கரை மூடாத முனைப்பகுதியில் வெட்டுகின்றன. வலைக்கண்ணியை விட்டுவிட்டு ஓரக்கயிற்றை அறுத்த மாதிரி, மொத்தப் படலமும் குலைந்துவிடுகிறது. அடுத்து லெக்டின் என்ற புரதத்தால் குடல் செல்லைப் பிடித்துக்கொண்டு, அந்தச் செல் உயிரோடிருக்கும்போதே துண்டுதுண்டாகக் கடித்து விழுங்குகிறது. 2014-இல்தான் இது தெளிவானது. கடிபட்ட செல்லுக்குள் கால்சியம் ஏறும், செல் சாகும். அப்புறம் குடல் சுவரைத் தாங்கும் கொலாஜன் என்ற நார்ப் புரதத்தையும் அரித்து, வாய் குறுகி அடி அகன்ற குடுவை வடிவப் புண்ணை உண்டாக்குகிறது.

அந்த சிஸ்டீன் புரோட்டியேஸ்களில் கவனிக்க வேண்டியது சிபி5 என்ற நொதி. எண்டமீபா டிஸ்பார் என்றொரு பங்காளி உண்டு. மைக்ராஸ்கோப்பில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. டிஸ்பாரிடம் இந்த நொதிக்கான மரபணு சிதைந்து கிடக்கிறது, அது நோயும் தருவதில்லை. ஆகவே லேப் சீட்டில் ‘அமீபா சிஸ்ட்’ என்று பார்த்ததும் பயப்பட வேண்டாம். அமீபாவுக்குள் ரத்தச் சிவப்பணு தெரிந்தால்தான் சந்தேகம் வலுக்கும். அதற்கும் மலத்தை அரை மணிக்குள் பார்க்க வேண்டும். ஆறிப்போனால் அசையும் அமீபா சுருண்டு அடையாளம் தெரியாமல் போய்விடும்.

அமீபா ரத்தத்தோடு கல்லீரலுக்குப் போனால் அங்கே சீழ்க்கட்டி. வலது விலாவுக்குக் கீழே வலி, காய்ச்சல். கள்ளோ சாராயமோ குடிக்கிற ஆண்களிடம் இது அதிகம். பேதியே இல்லாமலும் வரும், மலப் பரிசோதனை பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. ஸ்கேன்தான் காட்டும்.

இதற்குக் கொடுக்கிற மெட்ரோனிடசோல் மாத்திரை செயலற்ற நிலையில்தான் உள்ளே போகிறது. அமீபாவின் சொந்த நொதியே அதை விஷமாக்குகிறது. ஆனால் மாத்திரை மேற்குடலிலேயே ரத்தத்தில் உறிஞ்சப்பட்டுவிடுவதால் பெருங்குடலில் கிடக்கிற சிஸ்ட்டுகள் தப்பிவிடுகின்றன. அவற்றுக்கு டைலோக்ஸனைடு ஃப்யூரோவேட் 500 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, 10 நாள் என்று டாக்டர் தனியாக எழுதித் தருவார். ரத்தம் நின்றதும் இந்த இரண்டாவது மாத்திரையை வாங்காமல் விடுகிறவர்களுக்குச் சில மாதத்தில் மறுபடி வரலாம், அதற்குள் வீட்டில் மற்றவர்களுக்கும் கூடு பரவியிருக்கலாம்.